காபியும் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு டீ குடித்ததும் தெம்பு வருகிறது, ஒன்பது மணிக்குக் கண் செருகுகிறது. ஏன் ஐயா?

பதில்: அந்தத் தெம்பு புதிதாக வந்ததன்று. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்பணுக்களில் உள்ள ஏற்பிகள் என்னும் இருக்கைகளில் அமரும்போது உறக்கம் நம்மை அழுத்துகிறது. டீயிலும் காபியிலும் உள்ள காஃபின், வடிவத்தில் அடினோசினை ஒத்திருப்பதால், உறக்கத்தைத் தூண்டாமலே அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதைப் போன்றதுதான்: இடம் கிடைக்காதவர் இறங்கிப் போய்விடுவதில்லை, நின்றுகொண்டே வருகிறார். காஃபின் குறையக் குறைய, காத்திருந்த அடினோசினும் அதன்பின் சேர்ந்ததும் அமர்ந்துவிடுகின்றன. உங்களுக்குத் தேவைப்படுவது இன்னொரு டீ அன்று, பகலில் சில மணி நேர உறக்கம்.

கேள்வி: மாலை ஆறு மணிக் காபியால் எனக்கு நள்ளிரவுவரை உறக்கமில்லை. எங்கள் அப்பத்தாவோ எட்டு மணிக்குக் குடித்துவிட்டு உடனே தூங்கிவிடுகிறார். நான் ஒத்தக்கடை மாணவி.

பதில்: உடலிலுள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், இரவு பதினொரு மணிக்கும் ஏறத்தாழ அரைக் கோப்பைக் காபி உங்களிடம் எஞ்சியிருக்கிறது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புகைபிடிப்பவர்களிடம் அது விரைவாகவும் கர்ப்பிணிகளிடம் மிக மெதுவாகவும் நடக்கிறது. அப்பத்தா தூங்குவது உண்மைதான், ஆயினும் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருக்கக்கூடும். தூங்குகிறவருக்கு அது தெரிவதில்லை.

கேள்வி: ஏகாதசியன்று காபியையும் விட்டுவிடுவேன். மாலைக்குள் தலை பிளக்கிறது. பசிதான் காரணமா? (திருமங்கலம்)

பதில்: பசிக்கும் பங்குண்டு, அம்மா, ஆனால் என் ஐயம் காபியின்மீதே. காஃபின் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் அவை விரிந்து, பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டிக்காஷனைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கு ஃபில்டர் காபி கொடுக்கலாமா?

பதில்: நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் இருக்கட்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. டிக்காஷனின் திடம் வீட்டுக்கு வீடு மாறுவதால் ஒரு கோப்பையோடு நிறுத்துவது நல்லது. டீயையும் கணக்கில் சேருங்கள். சிக்கரியில் காஃபின் இல்லை.

கேள்வி: ஜிகர்தண்டா குடித்தாலும் தூக்கம் கெடுமா?

பதில்: கெடாது. பாலிலும் நன்னாரியிலும் காஃபின் கிடையாது. சர்க்கரைக் கணக்கு வேறு.