பேசக் கூச்சப்படுகிற பெண்ணுக்கு பி.எட். சரிவருமா?

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. கணிதத்தில் 47 சதவீதம், பி.சி. வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பி.எட். சேர பொதுப் பிரிவுக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் வரிசைப்படிதான் இடம் என்பதால் 47-க்கு இழுபறியாகலாம். சுயநிதிக் கல்லூரி ஒன்றையும் பார்த்து வையுங்கள். அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழும அங்கீகாரமும், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

"ஒரு வருஷப் படிப்புதானே" என்றாராம் உங்கள் அண்ணன். அது அவர் காலத்துக் கதை. 2015 முதல் இரண்டு வருடம்.

மகளின் தங்கை பி.காம். முடித்ததும் அவளையும் சேர்த்துவிடலாம் என்கிறீர்கள். முடியாது, எம்.காம். வேண்டும். பள்ளியில் வணிகவியல் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அந்த வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்தான்.

சரி, முதல் வருடத்துக்கு வருவோம். அங்கே புதிதாகக் கணிதம் நடத்த மாட்டார்கள். குழந்தை எப்படி வளர்கிறது, எப்படிக் கற்கிறது, இந்தியக் கல்வியின் இன்றைய நிலை என்ன என்பவைதான் பாடங்கள். கணிதத்தை எப்படிச் சொல்லித்தருவது என்பது அதில் ஒரு தாள். இத்தனை நாள் கணக்குப் போட்டே பழகிய பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதச் சொன்னதும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் மகளின் கூச்சத்தைவிட எனக்கு இதுதான் கவலை.

கூச்சத்துக்கு அங்கேயே மருந்து இருக்கிறது. மைக்ரோ டீச்சிங் என்பார்கள். உடன் படிப்பவர்களே மாணவர்களாக உட்காருவார்கள். முழுப் பாடம் கிடையாது. கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது என்று ஏதாவது ஒரே ஒரு திறன்தான். ஆறு நிமிடம் நடத்தவேண்டும், ஆறு நிமிடம் குறை நிறை சொல்வார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் பாடத்தைத் திருத்தி, மறுபடி ஆறு நிமிடம் நடத்தி, மறுபடி ஆறு நிமிடம் கருத்துக் கேட்கவேண்டும். மொத்தம் 36 நிமிடம். முதல் நாள் குரலே எழும்பாது. பாதிப் பேருக்கு அப்படித்தான், உங்கள் மகள் மட்டும் தனியாகத் தெரியமாட்டாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சின்னக் குழந்தைகளுக்கு நடத்தத்தான் அவளுக்கு ஆசையா? ஒன்று முதல் ஐந்து வரைக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் வழி.

அப்புறம் பள்ளிப் பயிற்சி. முதல் வருடம் நான்கு வாரம், இரண்டாம் வருடம் பதினாறு வாரம். பள்ளி ஒதுக்கும்போது, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்ச் சேருகிற பள்ளியாக முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். காலை வழிபாட்டுக்கு முன்பே அங்கே நிற்கவேண்டும், ராத்திரி உட்கார்ந்து மறுநாள் பாடக்குறிப்பும் எழுதவேண்டும்.