‘கெட்டுப்போன மீன்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன்பு, வழக்கமாக வாங்கும் கடையில் பெரிய சங்கரா மீன் ஒன்றின் தலையும் சில துண்டுகளும் வாங்கிக் குழம்பு வைத்தோம். அன்றிரவே மூன்று பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. எனக்கும் கணவருக்கும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தலையைச் சாப்பிட்ட மாமியாருக்கு நாடித்துடிப்பு குறைந்து, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். 46,000 ரூபாய் செலவு. இன்றும் அவருக்கு உதடும் விரல்களும் மரத்துப்போகின்றன; குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுகிறது என்கிறார். சிகுவாடெரா என்ற மீன் நஞ்சு நோயாக இருக்கலாம் என்று டாக்டர் வாயால் சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘உணவு நஞ்சு’ என்று மட்டுமே இருக்கிறது. கடைக்காரரோ, “அக்கா, அது அன்று காலையில் வந்த மீன். கடலில் இருக்கும் விஷத்துக்கு நான் என்ன செய்வேன்?” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். கெட்டுப்போன மீனை விற்றதாக நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறோம். ஃப்ரீசரில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. கணவர் எறியச் சொல்கிறார். வழக்கு நிற்குமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் துண்டை எறியாதீர்கள். உங்கள் வழக்கில் மற்ற எல்லாவற்றையும் பிறகு தேடிக்கொள்ளலாம். அந்தத் துண்டு போனால் திரும்ப வராது. சிகுவாடெராவைத் தரும் சிகுவாடாக்சின் என்ற நஞ்சைக் கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது, உறைய வைத்தாலும் அழிக்க முடியாது. உங்கள் மாமியாரைப் படுக்கவைத்த அதே குணம்தான் மூன்று வாரத்துக்குப் பிறகும் அந்தத் துண்டைச் சாட்சியாக வைத்திருக்கிறது.

அடுத்து, எழுதி வைத்திருக்கும் நோட்டீஸை அனுப்பாதீர்கள். அதில் உள்ள ‘கெட்டுப்போன’ என்ற ஒரே சொல் வழக்கைக் கவிழ்த்துவிடும். மீன் அன்று காலையில் வந்தது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பில்லையும் ஐஸ் பெட்டியையும் காட்டி அதை அவர் நிரூபித்தால், நீங்கள் சொன்ன குற்றச்சாட்டு அங்கேயே முடிந்துபோகும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் போதாமல் வைத்திருந்தால் ஹிஸ்டமின் சேர்ந்து உடம்பு தடிக்கும். அது மீனைக் கையாண்டவரின் தவறு. உங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல. பவளப்பாறைகளில் வளரும் கேம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசியைச் சிறு மீன்கள் மேய்கின்றன. அவற்றைப் பெரிய மீன் தின்கிறது. நஞ்சு அதன் உடலில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. தலையிலும் ஈரலிலும் குடலிலும் அதிகம். அந்த மீன் துள்ளத் துள்ளப் பிடித்ததாக இருந்தாலும் நஞ்சு நஞ்சுதான். வாசனையிலும் ருசியிலும் எதுவும் தெரியாது. ஆகவே நீங்கள் எழுத வேண்டிய சொல் ‘பாதுகாப்பற்ற உணவு’.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வலு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பாதுகாப்பற்ற உணவு எது என்று விளக்கும்போது, உணவுப்பொருளே முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நச்சுப்பொருளால் ஆனதாக இருந்து உடல்நலத்தைக் கெடுப்பதையும் அதில் சேர்க்கிறது. அந்த நஞ்சை மனிதன் கலந்தானா, கடல் கொடுத்ததா என்று அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை. ‘இயற்கை செய்தது’ என்ற வாதம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது.

“யாருக்கும் தெரியாத நோய்” என்று அடுத்து வாதிடுவார்கள். 1774-லேயே கேப்டன் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் தென் பசிபிக்கில் மீன் சாப்பிட்டு இப்படி விழுந்திருக்கிறார்கள். 2012-இல் ஜெர்மனியில் பலர் இதே நஞ்சால் பாதிக்கப்பட்டபோது, அவர்கள் சாப்பிட்ட சங்கரா வகை மீன் இந்தியாவிலிருந்து போனது. 2016-இல் மங்களூரு பகுதியில் மீன் தலை சாப்பிட்ட பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மட்டியிலும் சிப்பியிலும் சேரும் பாசி நஞ்சு வேறு வகை, ஆனால் பாடம் ஒன்றுதான்: 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலருக்கு நினைவாற்றலே போனது. அதன் பிறகு அந்த நாடு நஞ்சைச் சோதித்து, அளவு மீறினால் அறுவடைப் பகுதியையே மூடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு மீன் வணிகத்தில் இருப்பவர் எதுவும் தெரியாது என்று கைவிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். அதே நேரம், வாங்கும் நீங்கள் இதை அறிந்திருக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்காததற்குப் பொறுப்பில்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவு சொல்கிறது. சங்கரா மீன் தலையில் நஞ்சு இருக்கலாம் என்பது அல்சூரில் எந்தக் குடும்பத்துக்குத் தெரியும்?

ஆனாலும் அந்தச் சில்லறைக் கடைக்காரரை மட்டும் குறிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மீனை எங்கே வாங்கினார் என்று எழுத்தில் கேளுங்கள். மொத்த வியாபாரியோ, தலையைத் தனியாக வெட்டி விற்ற பதனிடும் நிறுவனமோ தெரியவந்தால் அவர்களையும் எதிர்தரப்பில் சேர்க்கலாம். பெரிய மீன் எந்தக் கடலிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டறியும் வசதி அவர்களுக்குத்தான் இருக்கிறது. கடைக்காரர் சொல்ல மறுத்தால் பொறுப்பு அவர் தலையிலேயே தங்கும்: உற்பத்தியாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றவர் பொறுப்பு என்று நுகர்வோர் சட்டத்தின் 86-ஆம் பிரிவும், பொருள் வந்த வழியைக் காட்ட முடியாத விற்பனையாளர் பொறுப்பு என்று உணவுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் சொல்கின்றன.

பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன்தான் காரணம் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு உதவாது. சிகிச்சை தந்த டாக்டரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ மாமியாரை அழைத்துப் போய், மரத்துப்போதல், குளிர்ச்சி சூடாகத் தெரிவது, நாடித்துடிப்பு குறைந்தது மூன்றையும், எந்த மீனை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் எழுதி வாங்குங்கள். குளிர்ச்சி சுடுவதுபோல் தெரிவது சாதாரண வயிற்றுப்போக்கில் வராது. அந்த ஒரு வரி பதிவேட்டில் இருப்பது பத்து சாட்சிக்குச் சமம்.

மீன் துண்டை நீங்களாக ஆய்வகத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ‘இது எங்கள் கடை மீனே இல்லை’ என்பார்கள். தேதியோடு படம் எடுத்து ஃப்ரீசரிலேயே வையுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போடும்போது, நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். எல்லா ஆய்வகமும் இந்த நஞ்சைச் சோதிக்காது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் முன்பே விசாரித்து, சோதிக்கும் ஆய்வகத்தின் பெயரை மனுவிலேயே குறிப்பிடுங்கள். அன்று அதே கடையில் வாங்கிய வேறு குடும்பம் யாராவது நோயுற்றார்களா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒரு சரக்கில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்றால் மீதியும் அப்படியே என்று உணவுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அனுமானிக்கிறது.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உணவுச் சட்டத்தில் குற்ற வழக்குக்குச் சாதாரணமாக ஓராண்டுதான். மனுவை ஆங்கிலத்தில் தயாரியுங்கள். கடைக்காரரின் தமிழ்க் குரல் பதிவை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, மின்னணுப் பதிவு உண்மையானது என்பதற்கான சான்றிதழோடு இணையுங்கள். ‘கடலில் இருக்கும் விஷம்’ என்று அவரே சொல்லியிருக்கிறார். மீன் அவருடையது, அதில் நஞ்சு இருந்தது என்ற இரண்டையும் அவர் மறுக்கவில்லை என்று அதைக் காட்டி வாதிடலாம்.

இழப்பீடாக மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், மாமியார் பட்ட வேதனை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். உணவுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் சாதாரணக் காயத்துக்கு 1 லட்சம் வரையும் கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும் உண்டு. 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போவதைக் கொடுங்காயம் என்கிறது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. அந்த அளவுகோலை முன்வைக்கலாம். மூன்று வாரமாக அவரால் பாத்திரம் கழுவ முடியவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை என்றால் அதை நாள்வாரியாக இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினாலும் போதும், அடியில் அவர் கையெழுத்து இருக்கட்டும்.