கிட்ஸ் மீல் வாங்கும்போது எதை மாற்றுவது?

கேள்வி: வெளியே போனால் 5 வயது மகனுக்கு நக்கெட்ஸ், ஃப்ரைஸ், கோலா சேர்ந்த கிட்ஸ் மீல்தான். ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை?

பதில்: கோலாவை. பெற்றோர் பலரும் நக்கெட்ஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏறக்குறைய 9 டீஸ்பூன். பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். அத்தனையும் குடித்தாலும் பசி அடங்குவதில்லை.

தண்ணீர் அல்லது இனிப்பு சேர்க்காத பால் கேளுங்கள். சாக்லேட் பால், ஃப்ரூட் டிரிங்க் இரண்டிலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். கலப்பில்லாத பழச்சாறு என்றாலும் 4 முதல் 6 வயதுக்கு நாளைக்கு 120 முதல் 180 மி.லி. வரை போதும்.

ஆர்டர் சொல்லும்போதே மாற்றிவிடுங்கள். கோலா கப் மேஜைக்கு வந்தபின் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். கேட்காமலே வருவதை அப்படியே வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். அதனால்தான் கலிஃபோர்னியாவில் 2019 முதல், குழந்தைகள் மீலுடன் தானாக வரும் பானம் தண்ணீராகவோ பாலாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் உள்ளது. சோடா வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். மிகச் சரியான ஏற்பாடு. எல்லா ஊரிலும் வர வேண்டும்.

கேள்வி: ஃப்ரைஸுக்குப் பதில் சாலட் வாங்கினேன். மகள் தொடவே இல்லை.

பதில்: ஒரேயடியாக நிறுத்தினால் தொடமாட்டாள். சின்ன ஃப்ரைஸ் ஒன்று வாங்கி இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆப்பிள் துண்டு, வேகவைத்த சோளம், கேரட் என்று எது கிடைத்தாலும் முதலில் அதை வையுங்கள். பசி வேகத்தில் கை அதற்குப் போகும்; ஃப்ரைஸ் பிறகு வரட்டும். மெல்லிய ஃப்ரைஸைவிடத் தடிமனாக வெட்டியது எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். உப்பு தூவாமல் தரச் சொன்னால், பல இடங்களில் புதிதாகப் பொரித்தே தருவார்கள். கெட்சப் ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை என்பதால் பாக்கெட்டை அவள் கையில் கொடுக்காமல் நீங்களே ஊற்றுங்கள்.

கேள்வி: 'கிரில்டு' என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாமா?

பதில்: எண்ணெய் குறையும், உப்பு குறையாது. சிக்கனை உப்புக் கரைசலில் ஊறவைத்துத்தான் பெரும்பாலும் கிரில் செய்கிறார்கள். பன், சீஸ், சாஸ் மூன்றிலும் உப்பு உண்டு. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தரும் சத்துப் பட்டியலில் சோடியத்தைப் பார்த்து 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். ஒரு பர்கரில் 600 மி.கி. சோடியம் என்றால் 1.5 கிராம் உப்பு. பிரிட்டனில் 4 முதல் 6 வயதுக்குச் சொல்லும் நாளளவு 3 கிராம். ஒரே பர்கரில் பாதி முடிந்துவிடுகிறது. ஆகவே சீஸ் ஸ்லைஸையும் ஊறுகாய் வெள்ளரியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், சாஸைத் தனியாகக் கேளுங்கள். பீட்சாவில் சாஸேஜ், பெப்பரோனி வேண்டாம். காய்கறி டாப்பிங், மெல்லிய க்ரஸ்ட் போதும்.

கேள்வி: 2 வயதுக் குழந்தைக்கும் கிட்ஸ் மீல் தரலாமா?

பதில்: முழுசாக வேண்டாம். உங்கள் தட்டிலிருந்து உப்பு, காரம் குறைந்ததாகக் கொஞ்சம் கொடுத்தாலே போதும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சாஸேஜையும் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் வெட்டுங்கள். வட்டத் துண்டு தொண்டையை அப்படியே அடைத்துவிடும்.