காசிக்குப் போங்கள், அத்தானின் அறைக்கு உங்கள் கார்டைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: நான் விருதுநகரில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 46,000. மனைவி தனியார் பள்ளியில் 15,000 வாங்குகிறார். வீட்டுக்கடன் தவணை 17,500, வீட்டுச் செலவு 26,000, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு 6,000, அவளுடைய அடுத்த வருடக் கட்டணத்துக்காக சீட்டு 5,000. போன வருடம் மூணாறு போனதில் 46,000 ரூபாயை கார்டில் தவணையாக மாற்றினேன். மாதம் 4,150. இன்னும் 5 தவணை பாக்கி. இது போக கார்டில் 42,000 நிலுவை. அதற்கு மாதம் 2,100 கட்டி வருகிறேன்.

அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68 வயது. இந்தக் கார்த்திகைப் பௌர்ணமிக்குக் காசியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ரயில் டிக்கெட்டை அப்பா தன் பென்ஷன் சேமிப்பிலிருந்து போடுகிறார். அக்கா, அத்தான், அவர்கள் மகன் மூவரும் வருகிறார்கள். கங்கையைப் பார்த்த ஹோட்டலில்தான் தங்க வேண்டும், வயதானவர்களைச் சத்திரத்தில் தங்க வைக்கக் கூடாது என்கிறார் அத்தான். 3 அறை, 4 இரவு, அறைக்கு நாளொன்றுக்கு 9,000. ‘நீ கார்டுல போட்டுடு, வந்ததும் கணக்குப் பார்த்துக்கலாம்’ என்கிறார். செயலியில் 12 மாத ‘வட்டியில்லாத் தவணை’ காட்டுகிறது. தீபாவளி போனஸ் 28,000 வரும், அதை முன்பணமாகக் கட்டலாமா? மலிவாக வேறு நல்ல ஹோட்டல் இருக்கிறதா? மூணாறுக் கணக்கில் அத்தான் தர வேண்டிய 19,000 இன்னும் வரவில்லை, அதையும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

பதில்: கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். வரவு செலவை எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹோட்டல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் முதல் கேள்வியாக இருக்க வேண்டியது கடைசி வரியில் ஒதுங்கி நிற்கிறது.

மூணாறுக்கு மீதமிருக்கும் தவணை 5 × 4,150 = 20,750. அத்தான் தர வேண்டியது 19,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்த மாதம் தொடங்கி ஜனவரி வரை நீங்கள் கட்டப்போவது உங்கள் மூணாறுப் பயணத்துக்கான பணமே அல்ல. அத்தான் வீட்டார் தங்கிய அறைக்கும் சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் நீங்கள் வட்டியோடு கட்டுகிறீர்கள். ‘நானே போட்டுடறேன், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற உங்கள் பழக்கம்தான் இங்கே நோய். காசி ஹோட்டல் அதற்கு அடுத்த வாய்ப்பு, அவ்வளவுதான்.

42,000 நிலுவையைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,470. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,735. நீங்கள் கட்டுவது 2,100. அசலில் குறைவது மாதம் 365 ரூபாய். ஒரு வருடத்துக்கு வட்டியும் அதன் வரியுமாக மட்டும் ஏறக்குறைய 20,000 போகிறது. இன்னொன்றும் உண்டு: பழைய நிலுவையை முழுசாக அடைக்காமல் வைத்திருக்கும்போது, அதே கார்டில் புதிதாக வாங்குவதற்கு அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகை கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத்தான் நீட்டுகிறீர்கள் என்றால், இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

இனி அத்தான் சொல்லும் ஹோட்டல். 3 அறை × 4 இரவு × 9,000 = 1,08,000. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 வரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். இங்கே வரி மட்டும் 19,440. மொத்தம் 1,27,440. பன்னிரண்டு தவணை என்றால் மாதம் 10,620. உங்கள் எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 6,500. அதிலும் மூணாறும் கார்டும் போனால் கையில் நிற்பது 250 ரூபாய். இந்த இடத்தில் தவணை வட்டியில்லாததா, வட்டியுள்ளதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். இந்த ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பெயரை எனக்குப் பிடிக்கவே இல்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். 15 சதவீதத்தில் கணக்கிட்டால் வட்டி பத்தாயிரத்தை ஒட்டி வரும். அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் விழும், அதுவே 1,750-க்கு மேல். செயல்பாட்டுக் கட்டணம் தனி. அதே ஹோட்டலுக்கு நேராகத் தொலைபேசியில் பேசினால் விலையில் குறைத்துத் தர வாய்ப்புண்டு. தவணையில் போகும்போது அந்தப் பேரத்தையும் இழக்கிறீர்கள். இதே வரிசையில் ‘இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க’ பயணக் கடன், பாயிண்ட் தரும் பயணக் கார்டு, 25 வருட விடுமுறை உறுப்பினர் திட்டம் எல்லாம் வரும். மாதம் 250 ரூபாய் மிஞ்சும் குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

சரி, ஹோட்டல். கங்கையைப் பார்த்த அறைதான் வயதானவர்களுக்கு வசதி என்று அத்தான் நம்புவது தவறு. பணத்தை விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காசியின் பழைய ஊர் முழுக்கச் சந்துகள். கார் போகாது, பல சந்துகளில் ஆட்டோவும் போகாது. கோதௌலியா பக்கம் இறங்கி நடக்க வேண்டும். படித்துறையை ஒட்டிய ஹோட்டல்களில் பல, பழைய வீடுகளை மாற்றிக் கட்டியவை. படிகள் செங்குத்து, லிஃப்ட் அபூர்வம். நதி தெரியும் அறை என்றால் பெரும்பாலும் மேல்மாடி. நான் அம்மாவை அழைத்துப் போனபோது இணையத்தில் படம் பார்த்து இப்படி ஓர் அறையைப் பிடித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் இருபது நிமிடம் நடந்து, பிறகு மூன்று மாடி ஏறினோம். முழங்கால் வலியோடு அம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் மாலை ஆரத்திக்கு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நதியை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி அறையிலேயே இருந்தார்.

தசாசுவமேதப் படித்துறையில் தினமும் மாலை நடக்கும் ஆரத்திக்குக் கட்டணம் இல்லை. விடியற்காலையில் ஒரு படகு பேசி, கேதார் படித்துறையிலிருந்து மணிகர்ணிகை வரை போய் வாருங்கள். எந்த ஹோட்டல் ஜன்னலும் அந்தக் காட்சியைத் தராது. ஏறுவதற்கு முன் படகுக் கூலியை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கார்த்திகைப் பௌர்ணமி அங்கே தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கு ஏற்றுவார்கள். வருடத்தில் காசி ஹோட்டல் வாடகை உச்சத்தில் நிற்கும் நாட்களில் அதுவும் ஒன்று. கூட்டத்தில் எழுபது வயதுக்காரர்களைப் படியில் இறக்கி ஏற்றுவது சுலபமில்லை. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பனிமூட்டம், ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். உங்களுக்குச் சரியான நேரம் பிப்ரவரி. மகாசிவராத்திரி வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் மூணாறுத் தவணையும் ஜனவரியில் முடிகிறது.

எங்கே தங்குவது? அத்தான் முகம் சுளிக்கும் சத்திரத்தையே முதலில் விசாரியுங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813-இல் காசியில் தொடங்கிய சத்திரம் இன்றும் நடக்கிறது. விசுவநாதர் பூஜைக்கான பொருள்களை அவர்கள் தினமும் ‘சம்போ’ என்று சொல்லியபடி எடுத்துப் போவதை வழியிலேயே பார்ப்பீர்கள். கோதௌலியா பக்கத்துப் பழைய கட்டடம் தவிர, சிக்ராவில் 140 அறைகளோடு பத்து மாடிப் புதிய கட்டடத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள். அது படித்துறையிலிருந்து தள்ளி இருந்தாலும் வாசல் வரை வண்டி போகும். இன்னொரு வழி அனுமான் காட், கேதார் காட் பக்கம் (காட் என்றால் படித்துறை). பாரதி இளவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அனுமான் காட்டில்தான். குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் கேதார் காட்டில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் தமிழ் காதில் விழும், இட்லி கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

எங்கே பதிவு செய்தாலும், படத்தை நம்பாமல் தொலைபேசியில் பேசுங்கள். ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, மேற்கத்திய கழிப்பறை உண்டா, காலையில் வெந்நீர் வருமா, ரயில் அதிகாலையில் வந்தால் அறை தருவார்களா என்று கேளுங்கள். முழு வாடகையையும் யு.பி.ஐ.யில் முன்கூட்டியே கேட்பவரிடம் நிதானமாக இருங்கள். மடம், சத்திரம் பெயர்களில் போலி இணையதளம் வைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு விலையும் வேண்டாம், டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் நின்றுவிட்டால் அது உங்களுக்கு நஷ்டம்.

இப்போது உங்கள் ஐந்து பேருக்கு மட்டும் கணக்கு. சாதாரண லாட்ஜில் 1,700 ரூபாய் அறை என்று வைத்துக்கொள்வோம். 2 அறை × 4 இரவு = 13,600, வரியோடு 14,280. அந்த 9,000 ரூபாய் ஹோட்டலுக்கு நீங்கள் கட்ட இருந்த வரியை விட இது ஐயாயிரம் குறைவு. சாப்பாடு நாளுக்கு 1,200 வீதம் 4,800. ஆட்டோ, படகு 3,000. ஆக 22,000. சத்திரம் கிடைத்தால் இன்னும் குறையலாம்.

இந்த 22,000 எங்கிருந்து வரும்? அத்தான் தர வேண்டிய 19,000-ஐ வாங்கி நேரே கார்டில் கட்டுங்கள். நிலுவை 23,000 ஆகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மாதம் 2,350 (இப்போது கட்டும் 2,100, கையில் நிற்கும் 250) கட்டினால் வட்டி போக 20,000 சொச்சத்தில் நிற்கும். தீபாவளி போனஸ் 28,000 முழுவதும் கார்டுக்கு. ஹோட்டல் முன்பணத்துக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். கார்டு முடிந்து 8,000 மிஞ்சும். நவம்பர் முதல் ஜனவரி வரை 2,350 வீதம் 7,000. மூணாறுத் தவணை முடிந்த பிறகு பிப்ரவரியில் 6,500. கூட்டினால் 21,500. ஐநூறு ரூபாய் குறைகிறது, அதை நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள். மகளின் கட்டணத்துக்கான சீட்டைத் தொட வேண்டியதில்லை.

அத்தானிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் உங்களுக்கு மலையாகத் தெரிகிறது. அவரிடம் நேரே போகாதீர்கள். அக்காவிடம் பேசுங்கள், தனியாக, காசி டிக்கெட் பேச்சு எழுவதற்கு முன்பே. கார்டு ரசீதைக் காட்டி, ‘அக்கா, மூணாறுக்கு இன்னும் அஞ்சு மாசம் கட்டணும். உங்க பங்கு வந்தா கார்டை முடிச்சிடுவேன். காசிக்கு அவங்கவங்க ரூமை அவங்கவங்களே போட்டுக்குவோம்’ என்று சொல்லுங்கள். வட்டி எவ்வளவு ஓடுகிறது என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் சிரித்துக்கொண்டே கார்டை நீட்டியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். மொத்தமாக முடியாது என்றால் மாதம் 4,000 வீதம் தரச் சொல்லுங்கள். அத்தான் தன் பணத்தில் கங்கையோரம் தங்க விரும்பினால் தங்கட்டும். மாலையில் படித்துறையில் எல்லோரும் சந்தித்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவின் செலவை நீங்களே ஏற்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, நானும் அப்படித்தான் செய்வேன்.

பணம் வரவில்லை என்றால்? போனஸைக் கட்டிய பிறகும் கார்டில் 13,000 நிற்கும், அது மார்ச்சில்தான் தீரும். பயணம் அடுத்த ஐப்பசிக்குத் தள்ளிப் போகும். அப்படி நேர்ந்தால் அப்பாவை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். டிக்கெட்டைத் தானே போடுகிறேன் என்று சொன்ன மனிதர், மகன் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வார்.

பிப்ரவரி என்று முடிவானால் இன்னொரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து காசியின் பனாரஸ் நிலையத்துக்குப் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகப் போகிறது, வாரத்துக்கு ஒரு நாள்தான். பிப்ரவரி நடுவில் கிளம்ப வேண்டும் என்றால் டிசம்பர் நடுவில், முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே கீழ்ப் படுக்கை கேட்டுப் போட்டுவிடுங்கள். டிக்கெட் உறுதியான அன்றே சத்திரத்துக்கும் பேசுங்கள்.