கரடிக்காட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி? கேட்டவர்களுக்குப் பதில்

அலாஸ்காவின் அங்கரேஜுக்கு நான் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. மே மாதம் பிறந்தால் போதும், அலாஸ்காவுக்குக் கீழே மற்ற அமெரிக்க மாநிலங்களில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “கரடிக்கு என்ன துப்பாக்கி வாங்கலாம்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், இந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். நான் வேட்டைக்காரன் இல்லை. மீன் பிடிக்கவும் நடக்கவும் காட்டுக்குப் போகிறவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சு.

சியாட்டிலிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, மொன்டானாவில் ஐந்து நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். நான் எச்-1பி. எனக்கு ஏற்ற பிஸ்டல் எது?

எதுவும் இல்லை தம்பி. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாங்கினால்தான் தப்பு என்று நினைக்காதே. நண்பருடையதைக் கொஞ்ச நேரம் பையில் சுமந்தாலும் அது ‘வைத்திருப்பது’தான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். துப்பாக்கி வழக்கு ஒன்று பதிவானால் பத்து வருட கிரீன் கார்டுக் காத்திருப்பு அதோடு போய்விடும். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே சட்டம்தான். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நீ கரடி ஸ்பிரே (மிளகாய்க் காரம் பீய்ச்சும் டப்பா) வாங்கு, அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

டல்லாஸிலிருந்து: 44 மேக்னம் ரிவால்வரா, 10 எம்எம் பிஸ்டலா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மச்சான் இன்னொன்று சொல்கிறார்.

இரண்டுமே சரியான பதில்தான், அதனால்தான் சண்டை ஓய மாட்டேன் என்கிறது. 44 மேக்னம், 10 எம்எம் என்பவை தோட்டா வகைகள். ஒரு குண்டின் அடி என்று பார்த்தால் 10 எம்எம் 44-க்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் சுழலும் உருளையில் குண்டு போடும் ரிவால்வரில் ஆறே குண்டு. 10 எம்எம் பிஸ்டலான கிளாக் 20-இல் பதினைந்து. டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படை கிரீன்லாந்தில் பனிக்கரடிகளுக்கு நடுவே நாய்வண்டியில் சுற்றுகிறது. அவர்கள் இடுப்பில் இருப்பதும் கிளாக் 20 தான்.

ரிவால்வருக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. கரடி மேலே விழுந்து அமுக்கும்போது குழலை அதன் உடம்போடு அழுத்தியபடியே சுடலாம். பிஸ்டலில் மேல்தகடு (ஸ்லைடு) கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டாலே அது சுடாது. தளர்வாகப் பிடித்தாலும் சிக்கிக்கொள்ளும். மறுபக்கம், ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷன் விசை, அதாவது சுத்தியலை ஏற்றி விடுவிப்பது வரை ஒரே இழுப்பில் செய்வது, நீளமானது, கனமானது. பதற்றத்தில் அதை இழுக்கும்போது குறி சரியும்.

என்னிடம் இருப்பது 10 எம்எம். 44-இல் என் இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் காரணம். உங்கள் கதை வேறாக இருக்கலாம். இரண்டையும் வாடகைக்குத் தரும் சுடுதளம் ஒன்றைத் தேடுங்கள். இருபது அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குறி வையுங்கள். மூன்று நொடிக்குள் நான்கு குண்டு எதில் உள்ளே விழுகிறதோ அதை வாங்குங்கள்.

சான் ஹோசேயிலிருந்து: வீட்டில் 9 எம்எம் இருக்கிறது. அது போதாதா?

2016-இல் அலாஸ்காவில் ஒரு வேட்டை வழிகாட்டி, தன் விருந்தினர்கள் மேல் பாய்ந்த கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடியை 9 எம்எம்மால்தான் வீழ்த்தினார். ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கரடிகளோடு பழகியவர். அவர் போட்டிருந்ததும் கடைகளில் தற்காப்புக்கு என்று விற்கிற தோட்டா இல்லை, கெட்டியாக வார்த்த ஈயக் குண்டு.

உண்மையில் கேட்க வேண்டியது அந்தத் தோட்டாவைப் பற்றித்தான். மனிதர்களுக்கான ஹாலோ பாயின்ட் குண்டு உள்ளே போனதும் பூப்போல விரியும், சீக்கிரம் நின்றுவிடும். கரடிக்கு அது ஆகாது. தோல், கொழுப்பு, தோள்தசை, எலும்பு என எல்லாவற்றையும் தாண்டி ஆழமாக இறங்க வேண்டும். அதற்குத் தட்டை மூக்குள்ள ஹார்ட் காஸ்ட் (கெட்டியாக வார்த்த ஈய) குண்டோ, முழுச் செம்புக் குண்டோ வேண்டும். 10 எம்எம் என்றால் 200 அல்லது 220 கிரெயின் எடை, 44 என்றால் 240-க்குக் குறையாமல். கிளாக் நிறுவனம் தன் குழல்களில் மேலுறை இல்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்கிறது, அதையும் கவனியுங்கள். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் உங்கள் துப்பாக்கியில் ஐம்பது குண்டாவது சுட்டுப் பார்க்காமல் காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கருங்கரடி மட்டும் இருக்கிற இடம் என்றால் உங்கள் 9 எம்எம்மை நான் குறை சொல்ல மாட்டேன்.

டென்வரிலிருந்து ஒரு சகோதரி: நான் ஐந்தடிதான். எடை குறைந்த 44 ஒன்று கடையில் பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம்மா. நான் வாங்கிப் பட்டவன். ஸ்காண்டியம் கலந்த லேசான உலோக உடல், 25 அவுன்ஸ்தான். இடுப்பில் இருப்பதே தெரியாது. சுடுதளத்தில் நான்கு குண்டு சுட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து, பிடியெல்லாம் ரத்தம். ஐந்தாவதைச் சுட மனசே வரவில்லை. அடுத்த வாரமே விற்றுவிட்டேன். எடை குறையக் குறைய உதை கூடும். 357 மேக்னத்தில் எஃகு உடம்பு, நாலு அங்குலக் குழல், 40 அவுன்ஸ் பக்கம் எடை. அதைப் பிடித்துப் பாருங்கள். 454, 500 என்று இன்னும் பெரிய தோட்டாக்களை யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவற்றை விரும்பிச் சுடுகிற ஆள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

பீனிக்ஸிலிருந்து: பையில் வைத்தால் போதுமா, உறை வேண்டுமா?

கரடி ஓடிவரும் வேகம் மணிக்கு 35 மைல் என்பார்கள். நொடிக்கு ஐம்பது அடி. நூறடிக்கு அப்பால் புதரிலிருந்து கிளம்பினால் உங்களுக்கு இரண்டு நொடி. பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. இடுப்பு உறையும் சரிவராது, முதுகுப்பையின் இடுப்புவார் அதை மூடிவிடும். அதனால்தான் இங்கே எல்லோரும் மார்பில் குறுக்காகக் கட்டுகிற செஸ்ட் ஹோல்ஸ்டர் போடுகிறார்கள். துப்பாக்கிக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு இருபது டாலர் தேடாதீர்கள். ஒன்று முக்கியம்: அதைச் சட்டைகளுக்கெல்லாம் மேலே கட்டுங்கள். இதைப் பிறகு சொல்கிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து: ஸ்பிரேதான் துப்பாக்கியைவிட நல்லது என்கிறார்கள். உண்மையா?

அலாஸ்கா சம்பவங்களை வைத்து இரண்டு ஆய்வுகள் உண்டு. 2008-இல் வந்தது ஸ்பிரே பற்றியது: பழுப்புக் கரடிகளை நிறுத்தியது 92 சதவீதம். 2012-இல் வந்தது துப்பாக்கி பற்றியது, 269 சம்பவங்கள்: கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம். இந்த எண்களை அப்படியே ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. ஸ்பிரே கணக்கில் சும்மா மோப்பம் பிடிக்க வந்த கரடிகளும் சேர்த்தி. பாய்ந்து வந்த கரடிகள் மட்டும் இல்லை.

ஆனாலும் நான் முதலில் ஸ்பிரே என்பேன். ஒரு நல்ல டப்பா குறைந்தது 25 அடி போகும், ஆறேழு நொடி பீய்ச்சும், மேகம்போல விரியும். குறி பத்து அங்குலம் தப்பினாலும் பரவாயில்லை. துப்பாக்கியில் அந்தச் சலுகை கிடையாது. குழந்தைகளும் நண்பர்களும் பக்கத்தில் நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. எதிர்க்காற்றில் ஸ்பிரே உங்கள் கண்ணுக்கே வரும், அது உண்மை. கொசு மருந்து மாதிரிக் கூடாரத்தின் மேல் அடித்துவைக்க மட்டும் வேண்டாம். காய்ந்த மிளகாய் வாசனை கரடியை வரவழைக்கும்.

ஹூஸ்டனிலிருந்து: விமானத்தில் கொண்டுவரலாமா? காரில் கனடா வழியாக வந்தால்?

விமானத்தில் கைத்துப்பாக்கி வரும்: குண்டில்லாமல், பூட்டிய கடினப் பெட்டியில், கவுன்ட்டரில் சொல்லிவிட்டு, சரக்குப் பெட்டியாக. வேடிக்கை என்னவென்றால் ஸ்பிரே எந்தப் பெட்டியிலும் வராது, இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். கனடா எல்லையில் கைத்துப்பாக்கியோடு போய் நிற்காதீர்கள். கரடிக்கு என்ற காரணம் அங்கே எடுபடாது.

சிகாகோவிலிருந்து: சுட்டுக் கொன்றுவிட்டால் பிரச்சினை வருமா?

வரும். அலாஸ்காவில் உயிர் காக்கச் சுடலாம். ஆனால் உடனே தகவல் சொல்லி, தோலும் மண்டையோடும் நகமும் சேர்த்து நீங்களே உரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள் படிவமும் எழுதித் தர வேண்டும். 800 பவுண்டு கரடியைத் தனியாக உரித்துப் பாருங்கள், அடுத்த முறை ஸ்பிரேயைத்தான் கை தேடும். மொன்டானா, வயோமிங்கில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம், அங்கே விசாரணையும் உண்டு. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். சுடுவது இன்னும் தடைதான்.

அட்லாண்டாவிலிருந்து: நீங்கள் எப்போதாவது எடுத்திருக்கிறீர்களா அண்ணா?

ஒரு முறை தேவைப்பட்டது. ரஷ்யன் ஆறு, ஜூலை, சாக்கை சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும் நேரம், விடாத தூறல். என் தூண்டிலில் மீன் மாட்டித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஆல்டர் புதரை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு பழுப்புக் கரடி. நாற்பது அடி இருக்கும். முதலில் அழுகின மீன் நாற்றம், பிறகுதான் உருவம். தாடை ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டது, வாயோரம் எச்சில் கயிறாகத் தொங்கியது. என் கை மார்புக்குப் போனது. பக்கத்தில் இருந்த நண்பர் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து என் தூண்டில் நரம்பை அறுத்தார். மீன் போனது, சத்தமும் நின்றது. தோள் உரச இருவரும் பின்வாங்கினோம். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆற்றின் கீழ்ப்பக்கமாக நடந்தது.

கார் வரைக்கும் போன பிறகுதான் குனிந்து பார்த்தேன். மழைக்கோட்டின் ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தது. துப்பாக்கி அதற்குள்ளே இருந்தது.