மீன் தொட்டியைக் கழுவும் நாளில் மீன்களைக் காப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி): ஐயா, மாதம் ஒருமுறை கோல்டு ஃபிஷ்களைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, தொட்டி, கற்கள், ஃபில்டர் அனைத்தையும் குழாய் நீரில் பளிச்சென்று கழுவிப் புது நீர் நிரப்புகிறேன். அடுத்த சில நாட்களில் ஒன்றிரண்டு இறந்துவிடுகின்றன. இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன்?

பதில்: முழுவதையும் ஒரே நாளில் கழுவுவதுதான் காரணமாக இருக்க வேண்டும். மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள், நாம் அழுக்கு என்று தேய்த்துவிடும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களின் மேலும்தான் வாழ்கின்றன. குளோரின் கலந்த குழாய் நீர் அவற்றைக் கொன்றுவிடுவதால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்த நீரிலேயே அமோனியா நாளுக்கு நாள் ஏறுகிறது.

மீன்களைத் தொட்டியிலேயே இருக்க விடுங்கள். வலையில் பிடிக்கும்போது அவற்றின் உடலைக் காக்கும் வழவழப்பான படலம் உரிந்து, நோய்க்கு வழி திறக்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும், கற்களுக்கு இடையே சைஃபன் குழாயைச் செருகிக் கழிவோடு உறிஞ்சி எடுங்கள். அப்படி எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். ஸ்பாஞ்சைப் பிழிந்த வாரத்தில் கற்களைத் தொட வேண்டாம். சோப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கேள்வி (சத்துவாச்சாரி): எங்களுக்கு ஒருநாள் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது, மற்ற நாட்களில் போர் தண்ணீர். எதை ஊற்றலாம்?

பதில்: இரண்டையும் ஊற்றலாம், ஆனால் வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். உப்பும் கடினத்தன்மையும் திடீரென ஏறி இறங்குவதை மீனின் உடல் தாங்குவதில்லை, ஆகையால் ஒன்றையே பயன்படுத்துங்கள் அல்லது எப்போதும் ஒரே விகிதத்தில் கலந்துகொள்ளுங்கள்.

குடிநீரில் உள்ள குளோரின், வாய் அகன்ற டப்பில் ஏர் பம்ப் போட்டு ஒரு முழு நாள் வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமென்றால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் உதவும்: 1 பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய 7 பங்கு தேவை என்பதால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் 100 லிட்டருக்கு 1.5 கிராம் போதும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நேராக ஊற்றிவிடாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கக்கூடும். அதற்கும் ஓர் இரவு காற்றோட்டம் தேவை.

கேள்வி (குடியாத்தம்): போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். தாது உப்புகள் இல்லாத நீரில் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) நிலையாக நிற்காது. போர் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். கப்பி, மோலி மீன்களுக்கு மிதமான கடின நீரே பிடிக்கும்.

கேள்வி (ஆரணி): ஆறு மாதமாக நீர் மாற்றவில்லை. மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. இப்போது பாதி மாற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலை மீனைக் கொல்கிறது. நெடுநாள் மாற்றாத தொட்டியில் நீர் மெல்ல அமிலத் தன்மைக்கு இறங்குகிறது. அதில் சேரும் அமோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அமோனியம் வடிவத்தில் இருப்பதால் மீன்கள் பிழைத்திருக்கின்றன. காரத்தன்மை கொண்ட போர் தண்ணீரைப் பெருமளவில் ஊற்றியவுடன் பிஎச் உயர்ந்து, அந்த அமோனியமே நச்சு அமோனியாவாக மாறி, சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பத்தில் ஒரு பங்கை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரங்களுக்கு மாற்றிய பிறகே வழக்கமான கால் பங்குக்கு வாருங்கள்.

கேள்வி (தோட்டப்பாளையம்): கத்திரி வெயிலில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர் கொதிக்கிறது. என்ன செய்வது?

பதில்: வேலூர் வெயிலுக்கு இது முக்கியமான கேள்வி. மாற்றுவதற்கான நீரை விடியற்காலையில் பிடித்து, வீட்டுக்குள் நிழலில் ஒரு நாள் வைத்து, மீன் தொட்டி நீரோடு 2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாதபடி பார்த்து, மெல்லிய குழாய் வழியே சிறிது சிறிதாக விடுங்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்ஸிஜன், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். எனவே வேலை நடக்கும்போதும் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். மார்கழியில் ஹீட்டர் போடுபவர்கள் நீரை இறக்குவதற்கு முன் அதன் மின் இணைப்பைத் துண்டித்துச் சற்று ஆற விடுங்கள். நீருக்கு வெளியே சூடாகும் ஹீட்டரின் கண்ணாடி வெடித்துவிடும்.