பதில்: இழுவலையில் அசைவின்றி ஏறிய கடல் ஆமை

வணக்கம். இழுவலையில் ஏறிய ஆமை அசைவின்றிக் கிடந்ததால், இறந்துவிட்டதென்று கருதிக் கடலிலேயே விட்டதாக எழுதி, அது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். சரியன்று; கடல் ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம் என்பதால், வலைக்குள் நெடுநேரம் போராடி மயங்கியதை அந்நிலையிலேயே நீரில் இறக்கினால் மூழ்கித்தான் போகும்.

இனி இவ்வாறு நேர்ந்தால், வயிறு தளத்தில் படும்படி கிடத்தி, நுரையீரலில் புகுந்த நீர் வடிவதற்காகப் பின்பகுதியை 15 செ.மீ. அளவுக்காவது உயர்த்தி வைத்து, ஓட்டின் மீதும் துடுப்புகளின் மீதும் ஈரத்துணி போர்த்தி நிழலில் விடுங்கள். மூக்குத் துளைகளைத் துணி மூடிவிடக் கூடாது. சிலர் மல்லாத்திப் போட்டு மார்பை அமுக்குகிறார்கள். அதனால் கேடுதான் அதிகம். தண்ணீர்த் தொட்டியில் இடுவதும் ஆகாது. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணிமையை மெல்லத் தொட்டும் வாலை லேசாகக் கிள்ளியும் பாருங்கள். இமை சுருங்கினால் உயிர் இருக்கிறது. தெளிவதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம் (வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், கடி பலமாக இருக்கும்).

நன்றாக அசையத் தொடங்கியபின், வலை நீரில் இல்லாத நேரமாகப் பார்த்து, சுழலி தாக்காதபடி இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, படகின் பின்புறமாக, தலை முன்னே செல்லும்படி மெதுவாக இறக்கிவிடுங்கள்.